ஏற்கெனவே கழுவிய கால்கள்

எங்கள் சபையில் பெஞ்சுகளுக்கு வாரம் ஒரு முறை குளியல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆராதனை முடிந்து கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் அப்பா கிருமிநாசினி பாட்டிலை என் கையில் கொடுப்பார். பாட்டிலில் எலுமிச்சம்பழம் படம் போட்டிருக்கும். அந்த எலுமிச்சை எந்த மரத்திலும் காய்த்ததல்ல. எதுவோ செத்துக்கிடப்பதை மறைக்கவென்றே பிறந்த வாசம் அது. நான் பெஞ்சு பெஞ்சாகப் பீய்ச்சித் துடைத்துக்கொண்டே போவேன். காலை ஆராதனை முடிந்தால் இந்த வேலை கிடையாது. காலையில் உட்காருகிறவர்கள் நாங்கள். எங்களிடம் கிருமி இல்லை.

கட்டடம் ஒன்று, சிலுவை ஒன்று, ஆராதனை மட்டும் இரண்டு. மத்தியானம் வருகிறவர்களின் தாத்தாக்களை எங்கள் தாத்தாக்கள்தான் வேலைக்குக் கூட்டிவந்தார்கள். அவர்கள் எங்களைவிட நல்ல கறுப்பு. மூக்கு வேறு, முடி வேறு. எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "மத்தியானக்காரங்க" என்பார்கள். அப்போது குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மத்தியானம் என்பது ஒரு பொழுதின் பெயர் என்பதையே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா சபைச் செயலாளர். சாவிக்கொத்தும் பாட்டிலும் அவர் பொறுப்பு. மைக் என் பொறுப்பு. அக்கா காலை ஆராதனையில் கீபோர்டு வாசிப்பாள். இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒருநாள் அக்கா, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில், "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவரு மத்தியான ஆராதனைக்கு வர்றவரு" என்றாள்.

அம்மா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பையன் என்ன வேல பாக்குறான்?" என்று கேட்டாள். பதில் வந்ததும் மறுபடி அழுதாள். நல்ல வேலை என்பதால் இரண்டாவது அழுகையில் அவ்வளவு உயிர் இல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். அதே ஆஸ்பத்திரியின் லேபில் அக்கா ரத்தம் எடுக்கிறாள். ஒருவர் எலும்பைப் பார்க்கிறவர், ஒருத்தி ரத்தத்தைப் பார்க்கிறவள். இரண்டு பேருக்கும் தோல் என்பது வேலைக்குக் குறுக்கே கிடக்கிற ஒரு சாமான். பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அப்பா யோசித்தார். யோசிக்கும்போது சாவிக்கொத்தை ஆட்டுவது அவர் வழக்கம். வெகுநேரம் ஆட்டினார்.

"பாஸ்டர் என்ன சொல்றாரோ அதுதான்" என்றார் கடைசியில். "அவர் சரின்னு சொல்லிக் கட்டிவெச்சா நான் வந்து நிக்குறேன். இல்லன்னா என்னைக் கூப்பிடாத."

பாஸ்டர் கவுன்சிலிங் படித்தவர். வெளிநாட்டில் போய் இரண்டு வாரம் படித்த சான்றிதழைச் சட்டம் போட்டு மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் மாட்டியிருந்தார். கல்யாணத்துக்கு முன் ஒவ்வொரு ஜோடியும் அந்த அறைக்குள் போய்வர வேண்டும் என்பது எங்கள் சபை விதி. அந்த அறையின் கம்பளம் எந்தக் காலத்திலோ மழையில் நனைந்து, இன்னும் காய்ந்துமுடியவில்லை. அதன் மேல் ரோஜா வாசத் திரவம் அடித்திருப்பார்கள். ஈர நாயும் ரோஜாவும் கலந்தால் என்ன வாசம் வருமோ அதில் உட்கார்ந்துதான் எங்கள் சபையின் அத்தனை ஜோடிகளும் தாம்பத்தியத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டார்கள். மேசையில் அழுகிறவர்களுக்காக டிஷ்யூ பெட்டி. சுவரில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற ஒரு படம். கடையில் வாங்கியபோது இரண்டு கையும் ஒரே நிறத்தில் இருந்தன. இரண்டு ஆராதனைக்காரர்களும் சமாதானமாகி ஒன்றாக உட்காரும் 'ஒப்புரவு ஞாயிறு' கொண்டாடப்போவதாக அறிவித்ததும், வாலிபர் சங்கத்தில் யாரோ ஒரு கையை மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்பாக்கிவிட்டார்கள். மை கோட்டைத் தாண்டி வெள்ளைச் சட்டைக் கையிலும் கொஞ்சம் பரவியிருந்தது.

மற்ற ஜோடிகளுக்கு ஒரு சாயங்காலம், ஒரு டீ, முடிந்தது. அக்காவுக்கும் எக்ஸ்ரே அத்தானுக்கும் அது முடிகிற வழியாக இல்லை. பாஸ்டர் முடியாது என்று சொல்கிற ஆள் அல்ல. அவர் வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய் இருக்கும். அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளி, "நிறமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லம்மா. நான் நிறத்தையே பாக்குறதில்ல. ஆனா இன்னொரு தடவ உக்காந்து பேசுவோம்" என்பார். ஜெபம் பண்ணும்போது மிட்டாயை எடுத்துச் சாஸரில் வைப்பார். ஆமென் சொன்னதும் எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். இதை அக்கா சொல்லிக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஆமென் என்றாலே தொண்டையில் என்னவோ வழவழவென்று இறங்குகிறது.

பிறகு தனித்தனியாக வரச் சொன்னார். அக்கா மட்டும் போன நாளில் நான் கூடப் போய் வெளியே காத்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"பிள்ளைங்க பொறந்தா என்ன பண்ணுவன்னு கேட்டாரு."

"வளப்போம்னு சொல்ல வேண்டியதுதான."

"ஞாயித்துக்கிழம அதுங்கள காலையில கூட்டிட்டு வர்றதா, மத்தியானம் கூட்டிட்டு வர்றதா பாஸ்டர்னு கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரு மாதிரி பாப்பாங்க, அத நெனச்சாத்தான் பயமா இருக்குன்னேன்."

"அதுக்கு?"

"மிட்டாய மாத்திக்கிட்டாரு. இந்த அறையில பேசினது இந்தச் சுவரத் தாண்டாதுன்னாரு."

அவர் வாக்குத் தவறவில்லை. சுவரைத் தாண்டவில்லை. கதவு வழியாகப் போயிற்று.

ஒப்புரவு ஞாயிறுக்கு ஆயத்தமாக, புதன்கிழமை இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். காலைக்காரர்கள் முன்னால், மத்தியானக்காரர்கள் பின்னால், நடுவில் இரண்டு பெஞ்சு காலியாக. நான் மைக் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். பாஸ்டரம்மா ஜெபிக்க எழுந்தார். பாஸ்டரம்மாவின் ஜெபம் எங்கள் சபையின் செய்தி ஒலிபரப்பு. யாருக்கு மூலம், யாருக்குக் குழந்தையில்லை, யார் மகன் எந்தப் பாடத்தில் தோற்றான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். கடவுளுக்கு வழி தவறிவிடக் கூடாது என்று தெருவும் அடையாளமும் சேர்த்தே சொல்வார்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "ஒரு மகளுக்காகப் பாரத்தோட உம்மகிட்ட வர்றேன். பேர் சொல்ல விரும்பல ஆண்டவரே. நம்ம செயலாளர் வீட்டுப் பொண்ணுதான். கீபோர்டு வாசிக்கிற கைய நீர் அறிவீர். பொறக்கப்போற பிள்ளைங்க என்ன நிறத்துல பொறக்குமோன்னு பயந்து, ராத்திரியெல்லாம் தூங்காம அழுவுறா அந்தப் பிள்ள. அந்தப் பயத்த எடுத்துப்போடும் ஆண்டவரே. எந்த நிறத்துல குடுத்தாலும் ஏத்துக்குற மனசக் குடும்."

முன்பக்கத்திலிருந்து ஆமென்கள் வந்தன. உச்சுக்கொட்டலும் வந்தது. பின்பக்கத்தில் சத்தமே இல்லை. அங்கே கடைசி பெஞ்சில் எக்ஸ்ரே அத்தானின் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்றுப்பண்ணையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, தொட்டி மாற்றி விற்கிற வேலை. நாங்கள் செடிக்காரம்மா என்போம். கண்ணைத் திறந்து முன்பக்கத்து முதுகுகளை வரிசையாகப் பார்த்தார். துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பாஸ்டரம்மா இன்னும் ஆண்டவருக்கு விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விட்டார். நான் சத்தத்தைக் குறைத்தேன். அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் அத்தான் அக்காவிடம், "நீ அப்படிச் சொன்னியா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "நான் சொல்லியிருப்பேன்னு நீ நெனச்சா, சொன்னேன்னே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் ரோஷம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்.

நான் எக்ஸ்ரே அறைக்குப் போனேன். அத்தான் யாருடைய விலா எலும்பையோ வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் படத்தைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும்டா தம்பி. அவ அப்படிப் பேசுறவ இல்ல. கேட்டதே தப்பு."

"அப்புறம் என்ன, அம்மாகிட்ட சொல்லிருங்க."

"சொன்னேன். அம்மா நம்பல. 'அந்தம்மா கண்ண மூடி ஜெபத்துல சொல்லுச்சுடா, ஜெபத்துல யாராவது பொய் சொல்லுவாங்களா'ன்னு கேக்குறாங்க." கையை விரித்தார். "எங்கப்பா போனப்புறம் அம்மா தனியா மண்ணுல கெடந்து என்னைப் படிக்கவெச்சாங்க. என் பிள்ள நிறத்துக்கு அழுவுற பொண்ணு என் வீட்டுக்கு வேணாம்னு சொல்றாங்க. அம்மாவ மீறி நான் பண்ண மாட்டேன். உங்கக்காவுக்கும் அது தெரியும்."

அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் கீபோர்டைத் தொடவில்லை.

இந்தச் சிக்கல் பாஸ்டர் காதுக்கும் எட்டியது. அதற்கு யார் காரணம் என்பது மட்டும் எட்டவில்லை. ஒப்புரவு ஞாயிறின் ஏற்பாட்டுக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தபோது உற்சாகமாக வந்தார். இரண்டு பக்கத்து மக்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவும் நிகழ்ச்சி. ஒருவர் காலை ஒருவர் என்றால், காலைக்காரர்கள் கழுவுவார்கள், மத்தியானக்காரர்கள் காலை நீட்டுவார்கள். தாழ்மை நம்முடையதாக இருக்கட்டும் என்றார் பாஸ்டர். தாழ்மையிலும் முதலிடம் எங்களுக்கே.

"செயலாளர் மக, மாமியாரா வரப்போற அந்தம்மா கால எல்லார் முன்னாலயும் கழுவட்டும்" என்றார். "சபைக்கும் ஒரு சாட்சி. அந்தக் குடும்பத்துக்கும் குணமாகும். கவுன்சிலிங்கும் அதோட நிறைவாயிடும். நானே கட்டிவெக்குறேன்."

அப்பாவின் சாவிக்கொத்து ஆடுவது நின்றது. "நிச்சயமா பாஸ்டர்?"

"ஆண்டவருக்குச் சித்தமானால்" என்றார். அது அவர் கதவைப் பூட்டாமல் சாத்துகிற விதம்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே பேஸின் என்றால் நோய் பரவுமே என்றார் பாஸ்டரம்மா. ஆளுக்கொரு பேஸின் என்று முடிவானது. கழுவுகிறவர்களுக்குக் கையுறை தரலாமா என்று ஒருவர் கேட்டார். போட்டோவில் நன்றாக இருக்காது என்று இன்னொருவர் சொன்னார். தோல் வியாதி இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியில் கொஞ்ச நேரம் எல்லோரும் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். "வர்றவங்களையே வீட்டுலயே கால நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லிடலாம். சாக்ஸ் போட்டுட்டு வந்தா இன்னும் நல்லது."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"கழுவிட்டு வந்துட்டா, அப்புறம் நாம என்னத்தக் கழுவுறது?" என்று கேட்டேன்.

பாஸ்டர் என்னை அன்போடு பார்த்தார். மிட்டாய் இடம் மாறியது. "தம்பி, இது ஒரு அடையாளம்."

அதே வாரத்தில் இன்னொரு அடையாளமும் வந்தது. முதன்முதலாக இரண்டு பக்கமும் சேர்ந்து அப்பமும் திராட்சரசமும் எடுக்கப்போகிற திருவிருந்து என்பதால், காலங்காலமாக இருந்த கண்ணாடிக் கிண்ணங்களை அலமாரியில் பூட்டிவிட்டு, குடித்ததும் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கிண்ணங்கள் வாங்கினார்கள். சுகாதாரம் என்றார்கள். சுகாதாரம் எங்கள் சபைக்கு வர, பக்கத்தில் அவர்கள் உட்கார வேண்டியிருந்தது.

செடிக்காரம்மா வர மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அத்தான் போய்க் கேட்டதும், "வர்றேன்" என்றாராம். "என் கால கழுவுறவ மூஞ்சிய நான் கிட்டக்க இருந்து பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன், நீ கட்டலாமா வேணாமான்னு."

வீட்டில் கழுவிவிட்டு வரச் சொன்ன தகவலையும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒப்புரவு ஞாயிறு அன்று காலை பண்ணையில் அவர் முறை. ஆட்டோவைவிட்டு இறங்கியபோது கணுக்கால்வரை சேறு, விரலிடுக்கில் காய்ந்த செம்மண், நகத்துக்குள் உரம். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். வாசலில் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்த பாஸ்டரம்மா பூவை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

"சிஸ்டர், சொல்லியிருந்தோமே."

"என்னன்னு?"

"கால..."

"கழுவத்தான கூப்பிட்டீங்க?" என்றார் செடிக்காரம்மா. "அழுக்கோட வந்திருக்கேன். கழுவுங்க."

பாஸ்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே முழங்கையைப் பிடித்து, பின்பக்கத்துக் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "தம்பி, உங்க அப்பாகிட்ட அந்த பாட்டில் இருக்கும், வாங்கிட்டு வா" என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் அப்பாவே பாட்டிலோடு பின்னால் வந்துவிட்டார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செடிக்காரம்மா குழாயடிக் கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். பாஸ்டரம்மா தன் கால் நனையாத தூரத்தில் நின்று, பாட்டிலை நீட்டி, பெஞ்சுக்கு அடிப்பது போல இரண்டு பாதங்களிலும் பீய்ச்சினார். சேறு கரைந்து பழுப்பாக ஒழுகியது. வெடிப்பில் பட்டிருக்க வேண்டும், செடிக்காரம்மா பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். தரை தேய்க்கிற பிரஷ்ஷை பாஸ்டரம்மா காலாலேயே அவர் பக்கம் தள்ளினார். "இடுக்கெல்லாம் தேய்ங்க சிஸ்டர். ஆண்டவர் வேலைக்கு வந்திருக்கோம்."

அந்த பிரஷ் எங்கெங்கே தேய்க்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டிலைத் திரும்ப வாங்கி, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிக்காரம்மா தேய்த்து முடித்தார். பிரஷ்ஷை நேராக நிமிர்த்திச் சுவரில் சாத்தி வைத்தார்.

உள்ளே மேடைக்குக் கீழே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நீல பேஸின், மடித்த வெள்ளைத் துண்டு. நாற்காலிகளில் சாக்ஸைக் கழற்றிவிட்டு, பளபளவென்று கழுவிய கால்களோடு மத்தியானக்காரர்கள். எதிரே முழங்காலிடத் தயாராகக் காலைக்காரர்கள். நடு நாற்காலி செடிக்காரம்மாவுக்கு. அத்தான் அவருக்குப் பின்னால் நின்றார். அப்பா ஜக்கில் வெந்நீரோடு. பாஸ்டர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். உருக்கம் எடுப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் எதிரொலி வைக்கும்படி முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தார். வைத்திருந்தேன்.

அக்கா முழங்காலிட்டாள். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை எடுத்து பேஸினில் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கு சுருங்கியது. ஞாயிறு தவறாமல் என் கையில் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வருகிற வாசம் அது. அக்கா நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அத்த, கால்ல என்ன போட்டாங்க?" என்று கேட்டாள். மைக் இல்லை. ஆனாலும் முன் வரிசைகளுக்குக் கேட்டது.

"பேரு தெரியல. பாட்டில்ல எலுமிச்சம்பழம் போட்டிருக்கு." செடிக்காரம்மா அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எரியுது."

அக்கா எழுந்தாள். துண்டு அவள் கையில் இருந்தது.

"பாஸ்டர், ஒரு நிமிஷம். அன்னிக்கு உங்க ரூம்ல, பிள்ளைங்களப் பத்தி நான் என்ன சொன்னேன்?"

பாஸ்டர் சிரித்தபடி தலையசைத்தார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா."

"இல்ல, இப்ப. நானே கேக்குறேன். அந்த ரூம்ல பேசினது நான். எல்லாருக்கும் சொல்லுங்கன்னு நானே சொல்றேன். நான் என்ன சொன்னேன்?"

பாஸ்டர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். முகத்தில் உண்மையான ஒரு வேதனை வந்தது. "மகளே, ஆலோசனை அறையில பேசினது ரகசியம். உயிரே போனாலும் ஒரு ஊழியக்காரன் அத வெளியே சொல்ல மாட்டான்."

மாட்டான், மாட்டான், மாட்டான் என்று எதிரொலி கூரைவரை போய் வந்தது.

முதலில் ஒரு சின்னச் சத்தம், மூக்கு வழியாக. செடிக்காரம்மா சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வாய்விட்டே சிரித்தார். நாற்காலி ஆடியது.

"அப்ப புதன்கெழம ஜெபத்துல வந்தது யாரு வீட்டு ரகசியம்?" என்றார்.

எல்லோரும் பாஸ்டரம்மாவைப் பார்த்தார்கள். பாஸ்டரம்மா கண்ணை மூடி உதட்டை அசைக்க ஆரம்பித்தார். அவசரமாக மேலிடத்தோடு பேச வேண்டியிருந்தது போலும்.

"நான் சொன்னது இதுதான் அத்த" என்றாள் அக்கா. "நாளைக்கு என் பிள்ளைங்கள இங்க காலையில கூட்டிட்டு வரணுமா, மத்தியானம் கூட்டிட்டு வரணுமா. எதுல வந்தாலும் ஒரு மாதிரி பாப்பாங்களே. அதுக்குத்தான் பயப்பட்டேன். நிறத்துக்கு இல்ல. இவங்களுக்கு."

செடிக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்றில் புழு இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பது போல.

"இத என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

"நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் யோசிக்காமல். பிறகு, "இப்ப நம்புறேன். ஜெபத்துல சொன்னது நெசம்னா அந்தாளு ஆமான்னு சொல்லியிருப்பாரு. வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னாரு பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். காலைத் தூக்கி நீட்டினார். "தொட. ஈரமா கெடக்கு. கழுவ வேணாம், அதான் கழுவியாச்சே."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, விரல் இடுக்குகளையெல்லாம் துடைத்தாள். வெடிப்பு வந்த இடத்தில் துண்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள், லேபில் ஊசி எடுத்தபின் பஞ்சை வைப்பது போல. அத்தான் குனிந்து அம்மாவின் செருப்பை எடுத்து வைத்தார். மூன்று பேரும் நடுவழியாக வெளியே போனார்கள். அப்பா ஜக்கோடு அப்படியே நின்றார். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போகும்படி கையைக் காட்டினார். பாடகர் குழு சத்தமாகப் பாடியது. கழுவிய கால்கள் எல்லாம் இன்னொரு முறை கழுவப்பட்டன. பிளாஸ்டிக் கிண்ணங்களில் திருவிருந்து நடந்தது. முடிந்ததும் அவற்றைக் குப்பைப் பையில் அள்ளிக் கட்டினோம். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு பெரிய போட்டோ. அக்கா கையில் துண்டோடு எதிரே நிற்கிறாள், செடிக்காரம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். கீழே 'ஒப்புரவின் ஆனந்தம்' என்று எழுதியிருந்தார்கள். படம் எடுத்தவனைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் மனசாரச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

பாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, மகளிடம் இன்னும் கசப்பு இருக்கிறது, கவுன்சிலிங் நிறைவாகவில்லை, இன்னொரு தடவை உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். அக்கா போய் உட்காரவில்லை. மத்தியானப் பக்கத்தில் பிரசங்கம் செய்கிறவர் வார நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். அவரிடம் போய்க் கேட்டார்கள். "ரெண்டு பேருக்கும் சம்மதமா? அப்ப ஏறுங்க" என்றாராம். அவருடைய கவுன்சிலிங் அவ்வளவுதான்.

கல்யாணம் ஒரு ஞாயிறு மத்தியானம். அம்மா காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டாள். பாஸ்டர் கட்டிவைக்காத கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்பது அப்பாவுடைய வார்த்தை. அக்காவும் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குக் கட்டடத்தைத் திறந்துவிட எப்போதும் வாட்ச்மேனிடம்தான் சாவி போகும். அன்று சாவிக்கொத்து அப்பாவின் இடுப்பிலேயே இருந்தது. அவரே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"நான் பூட்டத்தான் வந்தேன்" என்றார் என்னிடம், நான் ஒன்றும் கேட்காமலே. இஸ்திரி போட்ட சட்டையில், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உறுதிமொழி சொல்லும்போது அக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியைச் சரிபார்ப்பது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தால் ஆட்கள் மின்விசிறியைப் பார்ப்பது உண்டு. அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நினைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் வெளியே போனார்கள். ஆட்டோவில் ஏறுமுன் செடிக்காரம்மா திரும்பி அப்பாவைப் பார்த்து, "வர்றேன் சம்பந்தி" என்றார். அப்பா தலையசைத்தார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார்.

பிறகு உள்ளே வந்து, அலமாரியைத் திறந்து, பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நேரமாச்சு. சீக்கிரம் தொடச்சிரு."

வாங்கிக்கொண்டேன். எப்போதும் முன் பெஞ்சிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அன்று நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அவர் உட்கார்ந்திருந்த ஓரத்தில் நன்றாகப் பீய்ச்சினேன். சாய்ந்திருந்த இடம், கை வைத்திருந்த இடம், காலுக்குக் கீழே தரை, எல்லாவற்றிலும். எலுமிச்சை வாசம் எழும்பி மூக்கை அடைத்தது.

"டேய், அது நான் உக்காந்த எடம்" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு, இடுக்கிலெல்லாம் விட்டு அழுத்தித் தேய்த்தேன்.